ஜன்னலைப் பார்த்த அதிர்வு மேடை

அந்த இயந்திரம் வந்து இறங்கியபோது முதியோர் இல்லத்தில் எல்லோரும் மாலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அதைத் தூக்கிவந்து சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போனார்கள்.

"எடை பாக்குற மெஷினா இது?" என்று கேட்டார் கன்னியப்பன் தாத்தா. "இம்மாம் பெருசா கீது. யானைக்கு எடை போடவா?"

பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆள் ஏறி நிற்கும்படி ஒரு தட்டையான மேடை. அதன் முன்னால் ஒரு கம்பம். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி. கம்பத்தின் உச்சியில் சில பொத்தான்கள்.

கனிஷ்கா வீட்டுப் பாடத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

கனிஷ்கா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அம்மா பாண்டிச்செல்வி அந்த இல்லத்தில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மண்ணூரில் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்த அப்பா அந்த அறையில் பகலெல்லாம் தூங்குவார். அதனால் பள்ளி விட்டதும் கனிஷ்கா நேராக இல்லத்துக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுவாள், படிப்பாள். கணக்கில் சந்தேகம் வந்தால் மட்டும் அங்கே யாரிடமும் கேட்கமாட்டாள். ஒருமுறை கேட்டபோது ஆளுக்கொரு விடை சொல்லி, கடைசியில் தாத்தாக்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"இது எடை பாக்க இல்ல தாத்தா. உடற்பயிற்சி செய்ய," என்றாள் ஐஸ்வர்யா அக்கா. அவள் பிசியோதெரபிஸ்ட். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க அடிக்கடி இல்லத்துக்கு வருபவள்.

"மெஷின் மேல ஏறி எப்படி உடற்பயிற்சி செய்யிறது?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"முட்டியை லேசா மடக்கிக்கிட்டு இதுமேல நிக்கணும். பொத்தானை அமுக்கினா பாதத்துக்குக் கீழ அதிரும். அப்போ கால் தசையெல்லாம் இறுகி இறுகித் தளரும். சும்மா நிக்கும்போதே தசைக்கு வேலை. காலுக்குப் பலம் வந்தா தடுமாற்றம் குறையும். கீழ விழுறதும் குறையலாம்."

"குறையுமா, குறையலாமா? சரியா சொல்லு," என்றார் கன்னியப்பன் தாத்தா.

"அதைப் பாக்கத்தானே தாத்தா கொண்டுவந்திருக்கோம். டாக்டர் உங்களையெல்லாம் பாத்துட்டுத்தான் யார் யார் நிக்கலாம்னு சொல்லியிருக்காரு. மாசக் கடைசி வரைக்கும் இங்க இருக்கும். எல்லாருக்கும் ஒத்துவந்தா இங்கயே வச்சுக்கலாம். யாரும் நிக்கலைன்னா வேற ஊர் இல்லத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க."

கீழே விழுவது என்ற பேச்சு வந்தது. எல்லோருடைய பார்வையும் கடைசி அறையின் பக்கம் போனது.

அந்த அறையில் சின்னப்பொண்ணு ஆச்சி இருந்தார். இதே பக்கம் பென்னலூர்க்காரர். போன மாதம்வரை அந்த இல்லத்தில் சத்தமான குரல் அவருடையதுதான். டிவி சண்டை, மின்விசிறி சண்டை, ஜன்னல் சாத்தும் சண்டை எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார். குளியலறைக்குப் போவதென்றால்கூட இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். சாப்பாடு, தேநீர் எல்லாம் கட்டிலுக்கே போனது.

மறுநாள் ஐஸ்வர்யா அக்கா, "யார் முதல்ல வர்றீங்க?" என்று கேட்டாள்.

கன்னியப்பன் தாத்தா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். "நான் ஏறாத வண்டியா?" என்று கேட்டுக்கொண்டே மேடையில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா பொத்தானை அமுக்கினாள். பெரிய வண்டு ஒன்று பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். தாத்தா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வேட்டியின் ஓரம் நடுங்கியது. கால் விரல்கள் நடுங்கின. அவர் முகம் மாறிவிட்டது.

"நிறுத்தும்மா. நிறுத்து."

இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "என் லாரிகூட இப்படி ஆடுனது இல்ல. கீழ பாத்தா பூமியே ஆடுற மாதிரி கீது. ரொம்ப நேரம் நின்னா மூளை கலங்கிடும்."

அவ்வளவுதான். இரவு சாப்பாட்டுக்குள் அந்தச் செய்தி எல்லா அறைக்கும் போய்விட்டது. போகிற வழியில் வளர்ந்தும்விட்டது. மூளை கலங்குவதோடு பல்லும் கொட்டிவிடும் என்று யாரோ சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு ரொம்பப் பயந்தவர் கிளியம்மாள் பாட்டி. அவருக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

அதன் பிறகு ஐஸ்வர்யா அக்கா வரும்போதெல்லாம் யாருக்காவது தலைவலி வந்தது. யாருக்காவது தூக்கம் வந்தது. கன்னியப்பன் தாத்தா செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரங்களைக்கூட விடாமல் படித்தார். அக்கா இயந்திரத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

கனிஷ்காவுக்குப் பாவமாக இருந்தது. பயமில்லை என்று யாராவது காட்டினால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

ஒருநாள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் மேடையில் ஏறினாள். அக்கா அன்று வரவில்லை. அக்கா அமுக்கிய அதே பொத்தானை அவளும் அமுக்கினாள்.

"இ-இ-இங்க பா-பா-பாருங்க. எனக்கு ஒ-ஒ-ஒண்ணும் ஆகல."

கூடமே சிரித்தது. கிளியம்மாள் பாட்டி மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம். கொயந்தைக்கே நாக்கு கொழறுதே. நம்ம கதி இன்னா ஆவுறது?"

சிரிப்பு நின்றது. சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"ஏட்டி, இறங்கு கீழ. ஒன்னைய யாரு அதுல ஏறச் சொன்னா? அதென்ன ராட்டினமா?"

கனிஷ்கா இறங்கினாள். உள்ளங்கால் இன்னும் குறுகுறுத்தது. அதைவிட முகம்தான் அதிகமாகச் சுட்டது.

அடுத்த முறை அக்கா வந்ததும் கனிஷ்காவே போய் நடந்ததைச் சொன்னாள். "மன்னிச்சிருங்கக்கா. இருந்த கொஞ்ச நஞ்ச பேரையும் நான் பயங்காட்டிட்டேன்."

"இது சின்னப் பிள்ளைங்களுக்கு இல்ல கனிஷ்கா. பெரியவங்களே நான் பக்கத்துல இருந்தாத்தான் ஏறணும். இனிமே தொடாதே," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதனால் கனிஷ்காவுக்கு இன்னும் வருத்தமாகிவிட்டது. அக்கா மேடையைத் துணியால் துடைத்தபடியே, "உனக்குப் பயமில்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா? உன் கால் வேற. அவங்க கால் வேற," என்றாள்.

கனிஷ்கா அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்படியானால் அவர்களுக்கு எதைக் கண்டு பயம்? இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லையே.

அன்று மாலை சின்னப்பொண்ணு ஆச்சிக்குத் தேநீர் கொண்டுபோனது அவள்தான்.

"ஆச்சி, டீ."

"ஆச்சி ஆச்சின்ற. யாராச்சும் கேட்டா எனக்கு இன்னாமோ ஆச்சுன்னு நெனைச்சுக்குவாங்கடி," என்றார் சின்னப்பொண்ணு ஆச்சி, சுவரில் சாய்ந்தபடி. படுத்த இடத்திலும் அவருடைய வாய் மட்டும் ஓயவில்லை.

"எங்க ஊர்ல பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்." கனிஷ்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஆச்சி, கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே? உங்களுக்கு விழுறதுக்கு ரொம்பப் பயமா?"

ஆச்சி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"வுழறதுக்கு இல்லடி. வுழுந்தப்புறம் கீதே, அதுக்குத்தான் பயம்." தம்ளரைக் கையில் உருட்டினார். "அன்னைக்கு வுழுந்ததும் கூப்புட்டுப் பாத்தேன். சமையல் ரூம்ல மிக்சி ஓடிகினு இருந்துச்சு. யாருக்கும் கேக்கல. அப்படியே தரையில கெடந்தேன். ஒரு எறும்பு என் கை மேல ஏறிப் போவுது. அத்த தட்டிவுடக்கூட என்னால முடியல. இம்மாம் பெரிய பொம்பள, ஒரு எறும்பைத் தட்டிவுட முடியாம கெடந்தேன்."

கனிஷ்கா, 'பயப்படாதீங்க' என்று சொல்லலாமா என்று நினைத்தாள். அது சரியாகப் படவில்லை. ஆச்சியின் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே சாலை. அந்த இடத்தில் ஒரு வேகத்தடை இருந்ததால் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும். அப்போது ஒரு நீளமான லாரி வந்தது. கம்பிக் கூண்டு போன்ற அதன் உடம்புக்குள் இரண்டு அடுக்காகப் புத்தம் புதுக் கார்கள். ஏதோ கம்பெனியிலிருந்து எங்கோ தூர ஊருக்குப் போகின்றன.

"எல்லாம் வெள்ளை," என்றாள் கனிஷ்கா.

"ஒரு செவப்புகூட இல்ல பாரு. இவனுங்களுக்கு வேற பெயிண்டே கெடைக்கலியா?" என்றார் ஆச்சி.

"அடுத்த லாரியில முதல் கார் என்ன கலர்னு சொல்லுங்க ஆச்சி. சரியா சொன்னா என் பிஸ்கட் உங்களுக்கு."

"செவப்பு."

"நான் வெள்ளை."

அடுத்த லாரி வந்தது. வெள்ளை. ஆச்சியின் பிஸ்கட் கனிஷ்காவுக்குப் போனது. மறுநாளும் ஆச்சி சிவப்பு என்றார். அதற்கடுத்த நாளும் சிவப்பு. "வெள்ளைன்னு சொல்லிப் பாருங்களேன்," என்று கனிஷ்கா சொல்லியும் கேட்கவில்லை. "பிஸ்கட்டுக்காகக் கட்சி மாறுறதா?" என்று கேட்டார்.

ஒருநாள் மாலை லாரி வந்தது. முதல் கார் வெள்ளை. "நான்தான்," என்று கனிஷ்கா பிஸ்கட்டை எடுக்கப் போனாள்.

"இருடி. கடைசியில இன்னாமோ செவப்பா தெரியுது."

லாரியின் வால் பகுதி ஜன்னல் ஓரத்தில் மறைந்திருந்தது. ஆச்சி எட்டிப் பார்த்தார். தெரியவில்லை. இன்னும் எட்டினார். கட்டிலை விட்டு இறங்கினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தோ பாரு. செவப்பு. கடைசி கார் செவப்பு."

லாரி வேகத்தடையில் ஏறி இறங்கி, தூரத்தில் சின்னதாகிப் போகும்வரை ஆச்சி நின்று பார்த்தார். யாரும் அவரைப் பிடித்திருக்கவில்லை. கனிஷ்கா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பிறகு ஆச்சி குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"அடியே, நான் நின்னுகினு கீறேனே," என்றார். அந்த நொடியே முட்டி இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன. கனிஷ்கா தாவி அவர் இடுப்பைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அன்று வீட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தபோது கனிஷ்காவுக்கு எழுத ஓடவில்லை. அதே கால்கள்தானே? லாரியைப் பார்த்தபோது ஆடவில்லை. குனிந்து பார்த்ததும் ஏன் ஆடின? கன்னியப்பன் தாத்தாவும் இதைத்தானே சொன்னார்? கீழே பார்த்தால் பூமியே ஆடுகிறதென்று.

அவள் எழுந்து நடைபாதைக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றாள். குனிந்து பாதத்தைப் பார்த்தாள். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. சட்டென்று இன்னொரு காலை ஊன்றிவிட்டாள். மறுபடி நின்றாள். இந்த முறை வாசலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் ஐஸ்வர்யா அக்கா வந்ததும் கனிஷ்கா அவள் கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துவந்தாள். "அக்கா, ஒத்தைக் கால்ல நின்னு கீழ பாருங்க. பெறவு அந்தத் தொட்டியைப் பாருங்க."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். கனிஷ்காவும் பக்கத்தில் நின்றாள். அந்த வழியாக வந்த கன்னியப்பன் தாத்தா இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் செம்பரம்பாக்கம் ஏரிக் கொக்கு மாதிரி நின்னுகினு கீறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்து கால் ஊன்றிவிட்டது. கனிஷ்கா விடாமல் நின்றபடியே சின்னப்பொண்ணு ஆச்சி எழுந்து நின்ற கதையைச் சொன்னாள்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "நேராப் பாருங்கன்னு நான் தாத்தாகிட்ட அன்னைக்கே சொன்னேன்," என்றாள் மெதுவாக. "ஆனா நேராப் பாக்க அங்க என்ன இருக்கு? வெறும் சுவர். அதான் காலைப் பாத்திருக்காரு."

"ஜன்னல் பக்கம் திருப்பி வச்சிடலாமாக்கா?"

இல்லத்தின் நிர்வாகி அன்பு சார் வந்து பார்த்தார். இயந்திரத்தைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் ஜன்னல் பக்கத்தில் ஒரே ஒரு பிளக்குதான் இருந்தது. அதில் டிவி இருந்தது.

"ஒரு நீள ஒயர் வாங்கி இங்கேருந்து இழுத்துடலாம்," என்றார் அன்பு சார்.

கனிஷ்கா தரையைப் பார்த்தாள். அந்த வழியாகத்தான் எல்லோரும் சாப்பிட வருவார்கள். "சார், ஒயர் தரையில கிடந்தா யாராச்சும் தட்டி விழுந்துருவாங்களே."

அன்பு சாரும் குனிந்து தரையைப் பார்த்தார். விழாமல் இருக்கக் கொண்டுவந்த இயந்திரத்தின் ஒயரிலேயே யாராவது விழுந்தால் நன்றாகவா இருக்கும்?

"அப்போ டிவியை இந்த மூலைக்குக் கொண்டுவரணும். மேல்பக்கமா கேபிளை மாத்தி இழுக்க நானாச்சு. ஆனா டிவியைத் தொட்டா கிளியம்மா பாட்டி என்னைச் சும்மா விடமாட்டாங்களே," என்றார்.

"நான் கேட்டுப் பாக்கேன் சார்."

கிளியம்மாள் பாட்டி டிவிக்கு முன்னால், முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் குடைபோலப் பிடித்துக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாட்டி கண்ணைச் சுருக்குறீங்க?"

"வெளிச்சம்டி. ஜன்னல் வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்குது. மாமியாரும் மருமவளும் அழுவுறது கேக்குது, மூஞ்சி தெரியமாட்டேன்னுது."

"அந்த மூலைக்கு மாத்தினா வெளிச்சமே அடிக்காது பாட்டி."

பாட்டி திரும்பி மூலையைப் பார்த்தார். பிறகு அன்பு சாரைப் பார்த்தார். "இத்தினி நாளா இது உனக்குத் தோணலியா?" என்று கேட்டார்.

டிவி மூலைக்குப் போனது. அதிர்வு மேடை ஜன்னலுக்கு வந்தது.

கன்னியப்பன் தாத்தாவை மறுபடி ஏறச் சொன்னபோது அவர் முதலில் தயங்கினார். கனிஷ்கா, "தாத்தா, கார் லாரிக்காரங்க வேகத்தடையில எப்படி ஓட்டுதாங்கன்னு நீங்க பாத்துச் சொல்லணும்," என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏறினார். அக்கா பொத்தானை அமுக்கினாள்.

"முட்டியை லேசா மடக்குங்க தாத்தா. ஜன்னலைப் பாருங்க."

"பாக்குறேன், பாக்குறேன். தோ வரான் பாரு. பிரேக் மேலயே கால வச்சிகினு வரான். இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது? இப்படிப் போனா பெங்களூர் போறதுக்குள்ள..."

இயந்திரம் நின்றுவிட்டது. தாத்தா இன்னும் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சு தாத்தா," என்றாள் அக்கா.

"அவ்ளோதானா?" என்றார் அவர், ஏமாற்றமாக.

அவர் இறங்கியதும் இன்னொரு தாத்தா எழுந்தார். அந்த வாரம் முடிவதற்குள் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. கிளியம்மாள் பாட்டி விளம்பர இடைவேளையில் மட்டும் வந்து நின்றுவிட்டுப் போனார்.

சின்னப்பொண்ணு ஆச்சி மட்டும் வரவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. கனிஷ்கா ஆச்சியை வற்புறுத்தவில்லை. தினமும் போய்க் கார் பந்தயம் மட்டும் ஆடினாள். ஒருநாள் ஆச்சியே கேட்டார்.

"அந்த மெஷின் நிக்கிற ஜன்னல் இத்தைவிடப் பெருசாமே?"

"ஆமா ஆச்சி. லாரி முழுசா தெரியும். வால்வரைக்கும்."

ஆச்சி ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ பக்கத்துல நிப்பியா?"

"நிப்பேன். கையைப் பிடிச்சுக்கிடணுமா?"

"வேணாம். நின்னா போதும். மறுபடியும் நான் கூப்புட்டா யாருக்காச்சும் கேக்கணும். அவ்ளோதான்."

சக்கர நாற்காலியில் அம்மா அவரைத் தள்ளிவந்தார். ஐஸ்வர்யா அக்கா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாகப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். ஆச்சி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கனிஷ்கா சொன்னபடியே பக்கத்தில் வந்து நின்றாள்.

அக்கா பொத்தானை அமுக்கினாள். வண்டுச் சத்தம் எழுந்தது.

ஆச்சி ஜன்னலைப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. கம்பெனிகளுக்கெல்லாம் அன்று விடுமுறை. லாரி இல்லை. கார் இல்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆச்சியின் கண் மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

கனிஷ்கா சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"ஆச்சி, பஸ் ஸ்டாப்பைப் பாருங்க. ஒரு ஆள் ஷிப்டுக்கு நிக்கான்."

"இன்னைக்கு லீவாச்சேடி. எவன் அவன்?" ஆச்சியின் பார்வை மேலே வந்தது. கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில், நிழற்குடைக்குக் கீழே, பழுப்பு நிற நாய் ஒன்று சாலையைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"தோ பார்றா. இதுக்கு ஓவர்டைம் போல," என்றார் ஆச்சி.

நாய் கொட்டாவி விட்டது.

"நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்திருக்கும். எங்க அப்பாவும் இப்படித்தான் விடுவாங்க," என்றாள் கனிஷ்கா.

ஆச்சி சிரித்தார். அதிர்வில் அந்தச் சிரிப்பு துண்டு துண்டாக வந்தது. அதைக் கேட்டு அம்மா சிரித்தார். டிவியை விட்டுவிட்டு கிளியம்மாள் பாட்டியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இயந்திரம் நின்றபோது ஆச்சி இன்னும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்தது. இயந்திரத்தை எடுத்துப்போக யாரும் வரவில்லை.

ஆச்சி ஒரே நாளில் எழுந்து ஓடிவிடவில்லை. முதலில் சக்கர நாற்காலியில் வந்தார். அப்புறம் நான்கு கால் உள்ள நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார். மேடையில் நிற்பதோடு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் செய்யச் சொன்னாள் ஐஸ்வர்யா அக்கா. சில நாள் ஆச்சி, "இன்னைக்கு வேணாம், போ," என்று படுத்துக்கொண்டார். அந்த நாட்களில் கனிஷ்கா பிஸ்கட் பொட்டலத்தோடு கூடத்து ஜன்னலிலேயே காத்திருந்தாள். பாதி நாள் ஆச்சி வந்துவிடுவார்.

ஐப்பசி மழை தொடங்கியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதா, இல்லையா என்பதுதான் எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது. அன்று கனிஷ்கா நனைந்துகொண்டே பள்ளியிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, நடைபாதையில் சின்னப்பொண்ணு ஆச்சி வருவதைப் பார்த்தாள். கையில் ஒரு கோல் மட்டும். அது அவருக்குப் பழகிச் சில நாள்தான் ஆகிறது.

நடைபாதைச் சுவரில் யாரோ ஈரக் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடிக் குளமாக நின்றது. ஆச்சி அதைக் கவனிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆச்சி," என்று கனிஷ்கா கத்துவதற்குள் அவருடைய வலது கால் தண்ணீரில் பட்டு வழுக்கியது.

கனிஷ்காவின் தோளிலிருந்து பை விழுந்தது. ஓடினாள். ஆனால் எட்டிப் பிடிக்க முடியாத தூரம். கோல் கையிலிருந்து நழுவி, டங்கென்று தரையில் உருண்டது. ஆச்சியின் உடம்பு முன்பக்கம் சாய்ந்தது.

அப்போது அவருடைய இடது கால் சட்டென்று முன்னால் வந்து அழுத்தமாக ஊன்றியது. முட்டி மடங்கியது. பிறகு நிமிர்ந்தது. கை சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆச்சி நின்றார்.

கோல் விழுந்த சத்தம் கேட்டு அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது. ஐஸ்வர்யா அக்கா கூடத்திலிருந்து ஓடிவந்து, பாதி வழியிலேயே நின்றாள். ஆச்சி மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார். வழுக்கிய காலை இழுத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்தார்.

"இன்னா எல்லாரும் பாத்துகினு கீறீங்க? நான் வுழல," என்றார்.

கனிஷ்கா கோலை எடுத்துக் கொடுத்தாள். ஆச்சி அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு விட்டுவிட்டார். குடையைக் கோலால் தட்டிக் காட்டினார்.

"யாருது இது?"

கூடத்துக்குள் கன்னியப்பன் தாத்தா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். அது தலைகீழாக இருந்தது.

ஆச்சி அதைப் பார்த்துவிட்டார். கோலை ஊன்றிக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காமல், நேராக அவர் முன்னால் போய் நின்றார். பழைய குரல் கூடம் முழுக்க ஒலித்தது. கிளியம்மாள் பாட்டி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

கனிஷ்கா பழைய துணி ஒன்றை எடுத்துவந்து, நடைபாதைத் தரையை ஈரம் போகத் துடைத்தாள். குடையை வெளியே கொண்டுபோய் மாட்டினாள்.

வெளியே மழை விழுந்துகொண்டிருந்தது. உள்ளே கன்னியப்பன் தாத்தாவுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. வேறு யாரும் விழவில்லை.